நகல் வாட்ச்சுக்குள் ஓடுவது எந்த மெஷின்? அப்பா விட்டுப்போன ஒன்றை வைத்து ஒரு கேள்வி

கிராணிமகன் (தெலுக் இந்தான்) · திங்கள், இரவு 9.42

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். ஓய்வு பெற்ற வருடம் ஒரு கூட்டாளியிடம் 180 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு வாட்ச் வாங்கினார். டயலில் ரோலெக்ஸ், சப்மரீனர் என்றெல்லாம் எழுதியிருக்கும். கல்யாணம், கோயில் திருவிழா என்றால் மட்டும் கட்டுவார். யாராவது கேட்டால் சிரிப்பார். அசல் என்றும் சொல்ல மாட்டார், டூப்ளிகேட் என்றும் சொல்ல மாட்டார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது நான் கட்டுகிறேன்.

அசல் இல்லை என்று எனக்குத் தெரியும், அதில் வருத்தம் இல்லை. இரவு கழற்றி வைத்தால் விடிவதற்குள் நின்றுபோகிறது, அதுதான் பிரச்சினை. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். பின்பக்கக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, “உள்ளே சுவிஸ் மெஷின், எட்டா 2824. சர்வீஸ் 350 வெள்ளி” என்றார். இன்னொரு கடையில் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, “தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க” என்றார்.

பின்பக்கக் கண்ணாடிக்குள் தெரியும் ரோட்டரில் எட்டா (சுவிஸ் மெஷின் கம்பெனி) 2824-2, 25 கல், சுவிஸ் என்று பொறித்திருப்பது உண்மைதான். எந்தக் கடைக்காரர் சொல்வதை நம்புவது? நானே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

கிள்ளான் கதிர் · திங்கள், இரவு 10.05

பொறித்தே இருக்கிறதே அண்ணே, அப்புறம் என்ன சந்தேகம்? நல்ல நகல்களில் எட்டா போடுவார்கள். அதிர்ஷ்டசாலி நீங்கள். 350 கொடுத்து சர்வீஸ் பண்ணிவிடுங்கள்.

செம்பனைக்குருவி (ஊத்தான் மெலிந்தாங்) · திங்கள், இரவு 10.11

எங்கள் பக்கத்து வீட்டு நாய்க்கு டைகர் என்று பெயர். கழுத்துப் பட்டையில் எழுதியும் இருக்கிறது. அதைப் பார்த்துப் புலி என்று இதுவரை யாரும் ஓடவில்லை.

ஒற்றைக்கண் லென்ஸ் (தைப்பிங்) · செவ்வாய், காலை 6.30

குருவி சொன்னது விளையாட்டாக இருந்தாலும் விஷயம் அதுதான். 38 வருடம் இந்த வேலை செய்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ரோட்டர் என்பது கை ஆடும்போது சுற்றிச் சாவி ஏற்றுகிற அரைவட்டத் தகடு. ஒரு திருகைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். அதில் எதை வேண்டுமானாலும் பொறிக்கலாம். டயல் அச்சடித்த காகிதம் மாதிரி. கல் என்பது சக்கர அச்சுகள் தேயாமல் சுற்ற வைக்கிற மாணிக்கக் கல். “25 கல்” என்று போட்டால் உள்ளே 25 கல் முளைத்துவிடாது. நகல் செய்பவன் முதலில் பொய் சொல்வது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான், ஏனென்றால் வாங்குபவன் பார்ப்பதும் அங்கேதான்.

கண்ணாடி முதுகு என்றீர்கள். சப்மரீனருக்குக் கண்ணாடி முதுகு வந்ததே கிடையாது, எப்போதும் இரும்பு மூடிதான். அதனால் வாட்ச் நகல் என்பதில் சந்தேகமில்லை. மெஷின் எது என்பது வேறு கேள்வி. அதற்கு மூடியைத் திறக்கும் முன்பே காதாலும் விரலாலும் பாதி பதில் கிடைக்கும். நான்கு காரியம் செய்து பாருங்கள்:

சாவிக் குமிழை முழுக்க இழுங்கள். வினாடி முள் நிற்கிறதா, ஓடுகிறதா?

குமிழை உள்ளே தள்ளிய நிலையில் முன்னோக்கித் திருகினால் சாவி ஏறுகிற கரகரப்பு தெரிகிறதா?

வாட்ச்சைக் காதோடு வைத்துப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டுங்கள். ரோட்டர் எப்படிச் சுற்றுகிறது?

அப்புறம் வினாடிக்கு எத்தனை அடி (டிக் சத்தம்) அடிக்கிறது என்று எண்ணுங்கள்.

கிராணிமகன் · செவ்வாய், பிற்பகல் 1.15

நன்றி ஐயா. முதல் மூன்றும் பார்த்துவிட்டேன். குமிழை இழுத்தாலும் வினாடி முள் பாட்டுக்கு ஓடுகிறது. கையால் சாவி ஏறுகிறது. ஆட்டினால் ஒரு பக்கம் சத்தமே இல்லை, மறுபக்கம் பம்பரம் விட்ட மாதிரி விர்ரென்று பல சுற்று சுற்றி நிற்கிறது. அடி எண்ண முடியவில்லை. ரொம்ப வேகம்.

லங்காப் மல்லிகா · செவ்வாய், மாலை 7.20

தம்பி, காதால் எண்ண வேண்டாம். கைத்தொலைபேசியில் ஸ்லோமோஷன் வீடியோ இருக்குமே, நொடிக்கு 240 படம் எடுப்பது. வினாடி முள்ளை நெருக்கமாக எடுங்கள். முள் ஒரு துள்ளலுக்கும் அடுத்த துள்ளலுக்கும் இடையே எத்தனை படம் ஓடுகிறது என்று எண்ணுங்கள். 30 படம் என்றால் வினாடிக்கு 8 அடி, அதாவது மணிக்கு 28,800. 40 படம் என்றால் 6 அடி, 21,600. 48 வந்தால் 5 அடி, 18,000, அது பழைய சாவி வாட்ச் வேகம்.

அதுவும் முடியாவிட்டால் அமைதியான அறையில் 10 வினாடி ஒலிப்பதிவு செய்து அலையைப் பாருங்கள். 60 கூர் இருக்கிறதா, 80 இருக்கிறதா? மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். நான் முதல் தடவை மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்து எண்ணிவிட்டு ஒரு புதிய மெஷினையே கண்டுபிடித்துவிட்டேன்.

கிராணிமகன் · செவ்வாய், இரவு 11.02

40 படம். மூன்று தடவை எண்ணினேன். ஒன்று 39, ஒன்று 41, ஒன்று 40.

ஒற்றைக்கண் லென்ஸ் · புதன், காலை 6.10

அப்படியானால் எட்டா 2824 இல்லை. 2824-2 வினாடிக்கு 8 அடி, குமிழை இழுத்தால் வினாடி முள் நிற்கும், ரோட்டர் இரண்டு பக்கமும் சாவி ஏற்றும். உங்களுடையது மூன்றிலும் தவறிவிட்டது.

6 அடி, வினாடி நிற்காது, கையால் சாவி ஏறும், ரோட்டர் ஒரு பக்கம் மட்டும் ஏற்றி மறுபக்கம் சும்மா சுற்றும். இந்த நாலு குணமும் ஓரிடத்தில் சேர்ந்தால் எனக்கு ஒரே ஒரு குடும்பம்தான் நினைவுக்கு வரும்: ஜப்பான் மியோட்டா 8215-இன் பழைய வகை, அல்லது அதைப் பார்த்துச் சீனாவில் குவாங்சோவில் செய்த 2813. நகல் சந்தையில் 2813 மழைக்காலத்துக் காளான் மாதிரி.

உறுதிப்படுத்த இன்னொன்று. வாட்ச்சை மேசை ஓரத்தில் மெல்லத் தட்டிவிட்டு வினாடி முள்ளைப் பாருங்கள். ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு தாவி ஓடினால் இந்தக் குடும்பம்தான். வினாடி முள்ளுக்கு இதில் நேரடி விசை வராது, பக்கத்துச் சக்கரத்திலிருந்து கடன் வாங்கி ஓடுகிறது. அதனால்தான் அந்தத் திக்கல்.

கிள்ளான் கதிர் · புதன், காலை 8.40

ஐயா, ஒரு வாதம். பழைய எட்டா எண்ணெய் வற்றினால் மெதுவாக ஓடாதா? 6 அடி அதனால் இருக்கலாமே?

ஒற்றைக்கண் லென்ஸ் · புதன், காலை 9.05

இல்லை தம்பி. எண்ணெய் வற்றினால், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் சக்கரம் வீசுகிற அகலம்தான் குறையும். நாளுக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் முன்பின் ஓடும். 8 அடி 6 அடியாக வேண்டுமானால் ஒரு மணி நேரத்தில் 15 நிமிடம் பின்தங்க வேண்டும். அப்படி ஒரு வாட்ச்சை யாரும் இரவு வரை கட்டியிருக்க மாட்டார்கள்.

கிள்ளான் கதிர் · புதன், காலை 9.12

சரி, சரணடைகிறேன். எட்டா எட்டாக் கனியாகிவிட்டது.

ஆனால் அப்போது 8 அடி அடித்தால் சுவிஸ் என்று வைத்துக்கொள்ளலாமா? என்னிடம் ஒன்று இருக்கிறது, 8 அடி, வினாடி நிற்கிறது.

லங்காப் மல்லிகா · புதன், இரவு 8.15

கூடாது. 6 அடி என்றால் 2824 இல்லை என்று சொல்லலாம். 8 அடி என்பதால் 2824 என்று சொல்ல முடியாது. அந்த மெஷினின் காப்புரிமைக் காலம் முடிந்து ரொம்ப நாளாகிறது. சுவிட்சர்லாந்திலேயே செலிட்டா எஸ்டபிள்யூ200 அதே அமைப்பில் வருகிறது, ஒரு கல் கூடுதல், 26. சீனாவில் சீகல் எஸ்டி2130 அதே உருவம். மியோட்டா 9015-உம் 8 அடிதான், வினாடியும் நிற்கும். ஆனால் ரோட்டர் ஒரு பக்கம்தான் ஏற்றும், கனம் 3.9 மி.மீ.தான். 2824-க்கு 4.6 மி.மீ.

நீங்கள் மூடியைத் திறந்தால் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில், தகட்டின் மேல் பாருங்கள். அசல் எட்டாவில் அங்கே சின்ன முத்திரையும் மெஷின் எண்ணும் இருக்கும். ரோட்டர் எழுத்தை நம்பாதீர்கள், இதைக் கொஞ்சம் நம்பலாம். கொஞ்சம் என்றுதான் சொல்கிறேன், முத்திரையையும் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா, திருகுத் தலைகளின் பள்ளம் பிசிறாக இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல சீன 2824-ஐப் படத்தை மட்டும் வைத்து என்னால் பிரிக்க முடியாது. முடியும் என்று சொல்பவர்களோடு நான் சண்டை போடுவதும் இல்லை.

மட்டுறுத்துநர் · புதன், இரவு 8.50

ஒரு நினைவூட்டல். கையில் இருக்கிற வாட்ச்சின் மெஷினை அடையாளம் காண்பது, பழுது பார்ப்பது, தாராளமாகப் பேசுங்கள். எங்கே நகல் வாங்கலாம், யார் விற்கிறார்கள் என்பது இங்கே வேண்டாம். மலேசியாவில் 2019 வணிகச்சின்னச் சட்டப்படி போலிச் சின்னம் போட்ட பொருளை விற்பது குற்றம். அசல் என்று சொல்லி இன்னொருவர் தலையில் கட்டுவது பற்றி யோசிப்பவர்களுக்கும் இதே பதில்தான். நேற்று நீக்கிய இரண்டு பதிவுகளின் காரணமும் இதுதான்.

செம்பனைக்குருவி · புதன், இரவு 9.30

நான் எழுதியது நீக்கப்படவில்லை என்று பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

என் மாமாவிடம் மூன்று சின்ன வட்டம் வைத்த ஒன்று இருக்கிறது. ஓட்டப்பந்தய ஸ்டாப்வாட்ச் வகை. பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் ஒரு வட்டத்தில் கிழமை மாறுகிறது! அதுவும் ஏதாவது மெஷினா, மந்திரமா?

ஒற்றைக்கண் லென்ஸ் · வியாழன், காலை 6.25

மந்திரம் இல்லை, மலிவு. ஸ்டாப்வாட்ச் மெஷினுக்கு நிறையச் செலவாகும். அதனால் சாதாரணத் தானியங்கி மெஷினில் கிழமை, தேதி, 24 மணி என்று மூன்று வட்டம் வைத்து டயலை மட்டும் ஸ்டாப்வாட்ச் போல அச்சடித்துவிடுவார்கள். பொத்தானை அமுக்கினால் பெரிய வினாடி முள் கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் அது வேஷம்.

உண்மையாகவே ஓடுகிற நகல்களில் இரண்டு வகை அதிகம் பார்த்திருக்கிறேன். 12, 9, 6 மணி இடங்களில் வட்டம் இருந்தால் வால்ஜூ 7750 அமைப்பு, பெரும்பாலும் ஷாங்காயில் செய்த பிரதி. 7.9 மி.மீ. கனம், வாட்ச் குண்டாகத்தான் இருக்கும். ரோட்டர் ஒரு பக்கம் சும்மா சுற்றும்போது மணிக்கட்டே ஆடுவது தெரியும், மீன் பிடித்துக் கையில் வைத்திருக்கிற மாதிரி. 3-லும் 9-லும் இரண்டே வட்டம், ரோட்டர் கிடையாது, கையால் சாவி கொடுக்க வேண்டும் என்றால் சீகல் எஸ்டி19.

அந்த எஸ்டி19-ஐ நகலுக்குள் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். 1960-களின் தொடக்கத்தில் சீனாவின் தியான்ஜின் தொழிற்சாலை (இப்போதைய சீகல்) சுவிட்சர்லாந்திலிருந்து வீனஸ் 175 மெஷின் செய்யும் கருவிகளை முறையாக விலை கொடுத்து வாங்கிச் செய்ய ஆரம்பித்தது. சொந்தப் பெயரில் தலைநிமிர்ந்து நிற்கக்கூடியது. அதைப் போய் இன்னொருவன் பெயரை மாட்டி ஓடவிடுகிறார்கள்.

கிள்ளான் கதிர் · வியாழன், மதியம் 12.30

ஐயா, அசல் ரோலெக்ஸ் மெஷினையே அச்சு அசலாகச் செய்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். சிவப்புச் சக்கரம் எல்லாம் வைத்து. அதை எப்படிப் பிரிப்பது?

லங்காப் மல்லிகா · வியாழன், இரவு 8.05

சிவப்புச் சக்கரம் நல்ல உதாரணம். 1988-ல் வந்து பல வருடம் சப்மரீனரில் ஓடிய 3135 மெஷினில் ரோட்டரின் கீழே சிவப்புச் சக்கரங்கள் இரண்டு இருக்கும். ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் சாவி ஏற்றுவது அவற்றின் வேலை. சாதா நகல்களில் 2836 (2824-இன் கூடப்பிறப்பு) அல்லது 2813 மேல் ஒரு அலங்காரத் தகட்டைப் போர்த்தி, சிவப்புச் சாயம் பூசிய சக்கரத்தைச் சும்மா பதித்துவிடுவார்கள். ரோட்டரை விரலால் மெல்ல நகர்த்துங்கள். சக்கரம் கூடவே சுற்றுகிறதா? சுற்றவில்லை என்றால் அது பொட்டு.

இன்னொரு இடம் பேலன்ஸ் சக்கரம். 3135-ல் அதைத் தாங்கும் பாலம் இரண்டு பக்கமும் ஊன்றியிருக்கும். நேரத்தைத் திருத்தச் சக்கரத்தின் உள்விளிம்பிலேயே குட்டி நட்டுகள் இருக்கும், பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்ட நெம்பி கிடையாது. 2824 வகையில் பாலம் ஒற்றைக் காலில் நிற்கும், நெம்பி இருக்கும். போர்த்திய தகட்டால் இதை மறைக்க முடியாது, பேலன்ஸ் ஆட இடம் வேண்டுமே.

முழு மெஷினையும் பிரதியெடுத்த வகை வேறு. அதை நான் கையில் பிரித்துப் பார்த்ததில்லை, அதனால் பேசவில்லை.

ஒற்றைக்கண் லென்ஸ் · வியாழன், இரவு 9.40

மல்லிகா சொன்னதோடு ஒன்று. பேலன்ஸ் அச்சின் மேல் நடுக்கல்லைப் பிடித்திருக்கும் குட்டி ஸ்பிரிங்கைப் பாருங்கள். கீழே விழுந்தால் அச்சு முறியாமல் காப்பது அதுதான். யாழ் போல வளைந்திருந்தால் இன்காபிளாக், சுவிஸ் வகை. மூன்று இதழ்ப் பூ போல இருந்தால் சீக்கோவின் டயாஷாக். சீக்கோவாக இருந்தால் ரோட்டருக்குக் கீழேயும் ஒரு அடையாளம் உண்டு. நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு கை வைத்த நெம்புகோல் ஒரு பல்சக்கரத்தை மாற்றி மாற்றி இழுத்துத் தள்ளும். என்.எச்.35, 7எஸ்26 எல்லாவற்றிலும் அந்த நண்டு உண்டு. 7எஸ்26-க்குக் கையால் சாவி ஏறாது, என்.எச்.35-க்கு ஏறும், வினாடியும் நிற்கும். இப்போது வருகிற நகல்களில் நண்டு நிறைய. என்.எச்.35-உம் நல்ல மெஷின்தான், 24 கல், சீக்கோ வெளிக் கம்பெனிகளுக்கென்றே செய்து விற்பது.

கிராணிமகன் · ஞாயிறு, பிற்பகல் 3.48

இன்று காலை மல்லிகா அக்கா தெலுக் இந்தானுக்கு வந்திருந்தார். சாய்ந்த கோபுரத்துக்குப் பக்கத்துக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து திறந்தோம். (கோபுரத்தைக் கட்டியது 1885-ல். அதிலிருக்கிற கடிகாரம் லண்டன் பென்சன் கம்பெனி செய்தது. கட்டடமே சாய்ந்து நிற்கிறது, கடிகாரத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.)

அக்கா ஒரு ரப்பர் பந்தைப் பின்மூடியில் அழுத்தித் திருகினார். மூன்றாவது திருகலில் கழன்றது. உள்ளே ஒரு வாடை, பழைய தையல் மெஷின் பெட்டியைத் திறந்த மாதிரி. மூடி விளிம்பில் கறுப்புப் பசை, பதினைந்து வருட வியர்வையும் அழுக்கும். ரப்பர் வளையம் கையோடு துண்டு துண்டாக வந்துவிட்டது.

ரோட்டரைக் கழற்றினார். பளபளப்பான எட்டா 2824-2 தட்டு மேசை மேல், கோப்பி கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. எட்டாவாக இருந்தால் அதன் கீழே சாவி ஏற்றும் சக்கரம் இரண்டு இருக்க வேண்டுமாம். இங்கே ஒன்றுதான். பேலன்ஸுக்கு அடியில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. வெறும் தகடு. அக்கா லென்ஸை என்னிடம் கொடுத்து, நீங்களே பாருங்கள் என்றார். திருகுத் தலைகளில் ஏற்கனவே யாரோ திருப்புளி வழுக்கிய கீறல்.

லங்காப் மல்லிகா · ஞாயிறு, மாலை 5.30

மீதியை நான் சொல்கிறேன். மியோட்டாவாக இருந்தால் அந்த இடத்தில் பெயரோ எண்ணோ இருந்திருக்கும். வெறும் தகடு, வேலைப்பாடு முரடு, மற்ற குணமெல்லாம் 8215. என் கணிப்பு குவாங்சோ 2813.

நேரம் பார்க்கும் கருவியில் வைத்தேன். 21,600 தானாகப் பிடித்தது. முழுச் சாவி கொடுத்த பிறகும் பேலன்ஸ் வீச்சு 180 பாகை சுற்றியேதான். 250-க்கு மேல் எதிர்பார்த்திருப்பேன். ஒரு நாளைக்கு 40 வினாடி முந்துகிறது. கருவி வைத்திருப்பவர்களுக்கு: லிஃப்ட் கோணத்தை (வீச்சைக் கணக்கிடக் கருவிக்குக் கொடுக்கும் எண்) மெஷினுக்குத் தக்கபடி மாற்றுங்கள், 8215 வகைக்கு 49, 2824-க்கு 50, என்.எச்.35-க்கு 53. தப்பாக வைத்தால் வீச்சுதான் தப்பாகக் காட்டும், வேகம் சரியாகவே வரும்.

ஆக, இரவில் நிற்பதற்கு இரண்டு காரணம். எண்ணெய் வற்றிவிட்டது, முழுச் சாவியில் 40 மணி நேரம் ஓட வேண்டியது பாதிகூட ஓடுவதில்லை. அதோடு ஒரு பக்கம் மட்டும் ஏற்றும் ரோட்டர், கட்டியிருப்பவர் நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர். கைவீசி நடந்தால்தானே சாவி ஏறும்.

ஒற்றைக்கண் லென்ஸ் · ஞாயிறு, இரவு 7.15

முடிந்தது. உங்களிடம் 350 கேட்டவர் ரோட்டரைப் படித்திருக்கிறார், மெஷினைப் பார்க்கவில்லை. 2813-ஐ 350 கொடுத்து சர்வீஸ் செய்ய வேண்டாம். புது 2813 அதைவிட எவ்வளவோ மலிவு.

இன்னொன்று தெரியுமா? மியோட்டா சிட்டிசனுடைய பிள்ளை. அந்த சிட்டிசனோடு கூட்டு வைத்துத்தான் 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் செய்யத் தொடங்கினார்கள். நம் ஊரில் இந்தியா போய் வந்த பெரியவர்கள் எல்லாம் எச்.எம்.டி. கட்டிக்கொண்டு வருவார்கள், என் கடைக்கு வாரத்துக்குக் குறைந்தது இரண்டு வரும். உங்கள் அப்பாவின் மெஷினும் அந்த சிட்டிசன் வீட்டு 8215-ஐப் பார்த்துச் செய்தது. டயலில் போட்டிருக்கிற சுவிஸ் பெயரைவிட எச்.எம்.டி.தான் இதற்குக் கிட்டத்துச் சொந்தம்.

மெஷினை மாற்றுவதாக இருந்தால் அசல் 8215 போடலாம். ஆனால் டயலின் கால்களும் முள் துளைகளும் பொருந்துகிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். எண்ணைப் பார்த்து வாங்கி ஏமாறுகிறவர்கள் அதிகம். உதாரணத்துக்கு, 2824-க்கும் என்.எச்.35-க்கும் மணி முள், நிமிட முள் துளை ஒன்றுதான், 1.50, 0.90 மி.மீ. வினாடி முள் மட்டும் 2824-க்கு 0.25, என்.எச்.35-க்கு 0.20. மில்லிமீட்டரில் நூறில் 5 பங்கான அந்த வித்தியாசம் உங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும்.

பின்மூடியின் உட்பக்கம் பார்த்தீர்களா? ஊசியால் கீறிய எழுத்து ஏதாவது?

கிராணிமகன் · ஞாயிறு, இரவு 8.20

எப்படிக் கேட்டீர்கள் ஐயா? இருக்கிறது. கண்ணாடியைச் சுற்றியிருக்கிற இரும்பு வளையத்தில் குட்டியாக 11-08, அதன் கீழே 4-13. இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு வளைந்த கோடு. தொழிற்சாலைக் குறி என்று நினைத்தேன்.

ஒற்றைக்கண் லென்ஸ் · ஞாயிறு, இரவு 8.31

இல்லை. அது எங்கள் தொழில் வழக்கம். சர்வீஸ் செய்தால் மூடிக்குள் மாதமும் வருடமும் கீறி நம் குறியைப் போடுவோம். அடுத்த தடவை வந்தால் எப்போது பார்த்தோம் என்று தெரியும். 2008 நவம்பரில் ஒரு தடவை, 2013 ஏப்ரலில் ஒரு தடவை, ஒரே ஆள் பிரித்திருக்கிறார். என் குறி அல்ல.

செம்பனைக்குருவி · ஞாயிறு, இரவு 8.40

180 வெள்ளி வாட்ச்சுக்கு இரண்டு சர்வீஸா!

கிராணிமகன் · ஞாயிறு, இரவு 10.55

அம்மாவிடம் கேட்டேன். “ஈப்போவுக்கு பஸ் ஏறி எதுக்குப் போறீங்கன்னா கண்ணாடி கடைக்குன்னு சொல்வாரு. கண்ணாடி அதே கண்ணாடியாத்தான் இருக்கும்” என்றார். பிரித்துப் பார்த்த ஆள் அப்பாவிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமலா இருந்திருப்பார்? 2008-லேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் 2013-ல் மறுபடி போயிருக்கிறார்.

மெஷினை மாற்ற மனம் வரவில்லை ஐயா. நஷ்டம் என்று தெரிகிறது. இருப்பதையே சுத்தம் செய்து எண்ணெய் போட முடியுமா?

ஒற்றைக்கண் லென்ஸ் · திங்கள், காலை 6.05

முடியும். கடையை மூடிவிட்டேன், மேசை வீட்டில் இருக்கிறது. அனுப்புங்கள். இரண்டு விஷயம் முன்பே சொல்லிவிடுகிறேன். இதற்கு உதிரிப் பாகம் என்று தனியாகக் கிடைக்காது. ஏதாவது தேய்ந்திருந்தால் இன்னொரு 2813 வாங்கி அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதை நீங்கள் வாங்கி அனுப்புங்கள். அப்புறம், அந்த எட்டா ரோட்டரை மாட்டவா, வேண்டாமா?

கிராணிமகன் · திங்கள், காலை 7.10

மாட்டுங்கள் ஐயா. அப்பா அப்படித்தானே கட்டினார்.

பின்மூடி ரப்பர் வளையம் தூளாகிவிட்டதே, என்ன அளவு வாங்க வேண்டும்?

ஒற்றைக்கண் லென்ஸ் · திங்கள், காலை 7.18

மூடி உட்காரும் பள்ளத்தின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து சொல்லுங்கள். பள்ளத்தின் அகலமும் வேண்டும். வெர்னியர் இல்லையென்றால் மல்லிகாவிடம் இருக்கும். வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள், ஒன்று மாட்டும்போதே அறும். கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸும்.